ஃபைனலுக்கு முன் ஒரு ஈசிஜி

சட்டையைக் கழற்றிவிட்டு மேசையில் படுத்திருந்த சுப்பிரமணி, நெஞ்சில் ஒட்டிய ஒயர்களைவிட மகளைத்தான் அதிகம் முறைத்தார்.

"ஞாயித்துக்கெழம பாலகாட் டீமோட ஃபைனல். இப்ப இன்னாத்துக்கு இதெல்லாம்?"

கயல்விழி அவர் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜிம்மில் யாரோ சுருண்டு விழுந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. நாற்பத்தாறு வயதில் நந்திதுர்க் ஃபுட்பால் அணிக்குக் கேப்டனாகப் பந்து துரத்தும் அப்பா ஒருநாள் அப்படி விழுந்துவிட்டால்? அழுது அடம்பிடித்துக் கிளினிக்குக்கு இழுத்து வந்திருந்தாள்.

டாக்டர் சாரா தாளைப் பார்த்தார். கோட்டில் ஒரு சின்ன வித்தியாசம். நெஞ்சுவலி, மயக்கம், குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை.

"வெளையாடுறவங்களுக்கு இப்படி வர்றது சகஜம்தான். இந்த டெஸ்டு சில பேரக் காப்பாத்தும், நல்லா இருக்கிற பல பேரச் சும்மா பயமுறுத்தும். ஆனா பாத்துட்டோம், அப்படியே உட முடியாது. சனிக்கெழம ஹார்ட்டுக்கு எக்கோ ஸ்கேன் எடுப்போம். அதுவரைக்கும் ஓடாதீங்க."

சுப்பிரமணி ஓடாததே ஊருக்குச் செய்தியானது. மாலைப் பயிற்சிக்கு வராத கேப்டனுக்கு ஆண்டர்சன்பேட்டைக்காரர்கள் வாயில் நெஞ்சுவலி வந்தது. பேச்சு பாலகாட் போய்ச் சேர்வதற்குள் ஆபரேஷனே முடிந்திருந்தது. பக்கத்து வீட்டு மங்கம்மா ஹார்லிக்ஸோடு பார்க்க வந்து, அவர் பரோட்டா தின்றுகொண்டிருந்ததில் ஏமாந்து போனார்.

வதந்தியை நிறுத்தக் கயல்விழியே, பாலகாட்காரர்களும் இருக்கும் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினாள்: அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, நன்றாக ஓடுகிறவர்களுக்குள்ளும் கோளாறு ஒளிந்திருக்கலாம் என்றுதான் டெஸ்ட். அவ்வளவுதான். நந்திதுர்க் ஆட்டக்காரர்களின் மனைவிமார் பூட்ஸைப் பிடுங்கி ஒளித்துவைத்தார்கள்.

"டீமே போச்சு கயலு," என்றார் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

கயல்விழி நந்திதுர்க்கில் வீடு வீடாகப் போய் டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். வலியோ மயக்கமோ இருந்தால் உடனே போங்கள், இல்லையென்றால் பதறாதீர்கள் என்றாள். பூட்ஸ் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

சனிக்கிழமை எக்கோ படத்தைக் காட்டி டாக்டர் சிரித்தார். "ஓடி ஓடிப் பழகின ஹார்ட்டு. தாராளமா ஆடலாம்."

வழியெல்லாம் ஆட்டோக்காரரிடம் அப்பாவின் இதயத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள் கயல்விழி. சுப்பிரமணி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்ததில் அவளுக்கு இடமே போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நந்திதுர்க் அணி முழுசாக வந்து மைதானத்தில் நின்றது. எதிர்ப்பக்கம் ஒருவரும் இல்லை.

ரெஃப்ரி டென்னிஸ் ஃபோனை அணைத்துவிட்டு நேராகக் கயல்விழியிடம் வந்தார்.

"பாலகாட் டீம் மொத்தமும் ஈசிஜி க்யூல நிக்குதாம் கண்ணு, ஊட்டுக்காரம்மாங்க உடலயாம். கப்ப நீயே வந்து வாங்கிக்கோ."