மொட்டை மாடித் தக்காளிக்கு ஒரு ரைஃபிள்

சர்ர்க்... சர்ர்க்... சர்ர்க்.

ராத்திரி பத்தரை மணிக்கு, சமையலறை ஜன்னலுக்குப் பின்னால், யாரோ மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்தப் பக்கம் ஆளே கிடையாது. ஒரு காம்பவுண்டு சுவர், கொஞ்சம் முள்ளுக்காடு, அப்புறம் நேரா திருப்பதி மலைதான்.

அதனால் எனக்கு ஒரே ஒரு வேலை. துப்பாக்கி வாங்கணும்.

சிரிக்காதீங்க. வீட்டுக்காரருக்கு ஸ்ரீ சிட்டி ஃபேக்டரியில் இந்த மாசம் முழுக்க நைட் ஷிப்ட். வீட்டில் நானும் ரெண்டு வயசு மின்னுவும் மட்டும். அவள் தூங்கிடுவாள். நான் உட்கார்ந்துகொண்டு அவளையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்ப்பேன். இப்படியே நாலு ராத்திரி. பகலில் சாம்பாருக்குச் சர்க்கரை போடுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அந்தச் சத்தத்தை நெட்டில் தேடினேன். சிறுத்தை குரல் கொடுத்தால் ரம்பத்தால் மரம் அறுப்பது போல இருக்குமாம். ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்த்திப் பார்த்தேன். அப்பவும் அதையேதான் சொன்னது.

அவருக்கு ஃபோன் போட்டேன். "ஏங்க, நமக்கு ஒரு துப்பாக்கி வேணுங்க."

"யாரைச் சுட?"

"சிறுத்தையை."

"தீபாவளிக்குப் பாம்பு மாத்திரையைக் கொளுத்திட்டு பீரோ பின்னாடி ஒளிஞ்சவ நீ! இங்க மிஷின் நிக்குது, அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டார். சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நெட்டில் உட்கார்ந்தேன். அமெரிக்காவில் நிறையத் தாடிக்காரர்கள் இதே கவலையில் இருக்கிறார்கள், தெரியுமா? ஒருநாள் உலகமே குலைந்துபோனால் எந்த ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடுவது என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் பாயிண்ட் டூ டூதான் உசத்தி, எடை கம்மி, அணில் சுடலாம் என்கிறார். இன்னொருத்தர் த்ரீ நாட் எயிட் இல்லாதவன் மனுஷனே இல்லை, எல்க் சுடணும் என்கிறார். எல்க் என்றால் என்னவென்று பார்த்தேன். பக்கத்து ஊர் ஏர்பேட்டு எருமைக்கு யாரோ மரக்கிளையைக் கொம்பாக வைத்த மாதிரி இருந்தது.

கான்வென்ட்டில் படித்த பிள்ளை இல்லையா? உடனே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அட்டவணை தயார் செய்தேன். காலிபர், எடை, தோளில் எவ்வளவு உதைக்கும், எவ்வளவு தூரம் போகும். கடைசிக் கட்டத்துக்கு நானே ஒரு தலைப்பு வைத்தேன்: "மின்னு எழுந்துக்குவாளா?"

எல்லா ரைஃபிளுக்கும் "ஆமா" என்றுதான் வந்தது. இருந்தாலும் முப்பது நாட் சிக்ஸுக்கு அதிக மார்க் போட்டேன். பெயர் கம்பீரமாக இருந்தது.

சித்தூரில் அம்மா வீட்டில் மின்னுவை விட்டுவிட்டு, பழைய துப்பாக்கிக் கடை ஒன்றைத் தேடிப்பிடித்துப் போனேன். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் டீயில் பன் தொட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, கணபதி ஜெராக்ஸா? பக்கத்துக் கடை."

"இல்லங்க. முப்பது நாட் சிக்ஸ் இருக்குங்களா?"

பன் டீக்குள் விழுந்தது.

"இன்னாத்துக்கும்மா?"

"சிறுத்தைக்கு."

"வீடு இன்னா மாதிரி வீடு?"

"ஃப்ளாட். ரெண்டாவது மாடி."

"எதிர்ல யாரு கீறாங்க?"

"ரமணம்மா ஆன்ட்டி."

"அவங்க மேல கோவமா?"

"ஐயோ, இல்லையே!"

"அப்புறம் இன்னாத்துக்கும்மா? அந்தக் குண்டு சிறுத்தையைத் தாண்டி, உங்க செவுத்தைத் தாண்டி, அவங்க ஃபிரிட்ஜுல கீற பால் பாக்கெட்டுல போயிதான் நிக்கும்."

நான் அட்டவணையைப் பிரித்தேன். பாயிண்ட் டூ டூ?

"காக்கா ஓட்டலாம். சிறுத்தைக்குக் கோவம்தான் வரும்."

பாயிண்ட் த்ரீ ஒன் ஃபைவ்?

என்னை மேலும் கீழும் பார்த்தார். "தூக்குவீங்களா? ஒதைச்சா நீங்க ஒரு பக்கம் போயிடுவீங்க, துப்பாக்கி ஒரு பக்கம் போயிடும். சிறுத்தை நடுவுல நின்னு வேடிக்கை பாத்துக்கினு இருக்கும். அதுவும் இல்லாம, சுட்டுட்டீங்கன்னே வச்சுக்குங்க. சிறுத்தைக்கு ஒரு நிமிசம் கஷ்டம். உங்களுக்கு ஏழு வருசம் ஜெயில்."

"அப்ப பொதுவா, ரெண்டு வயசுப் பொண்ணை வச்சுக்கிட்டு, ஒரு அவசரத்துக்கு..."

"அவசரத்துக்கா! லைசென்ஸ் வர்றதுக்குள்ள உங்க பொண்ணு ஸ்கூல் சேந்துடும்மா."

நல்ல மனுஷர். கிளம்பும்போது பாதி பன் கொடுத்தார். அத்தோடு நான் விட்டிருக்கணும்.

விடவில்லை. அன்று சாயங்காலமே லைசென்ஸ் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.

எங்கள் ஸ்கூலில் ஒரு சிஸ்டர் இருந்தார். பரீட்சை ஹாலில் நடந்துகொண்டே சொல்வார், எந்தக் கட்டத்தையும் காலியா விடாதீங்க, முழு வாக்கியத்தில் எழுதுங்க, காரணம் கொடுங்க என்று. பதினாலு வருஷமாகியும் அந்தக் குரல் என் பின்கழுத்திலேயே நிற்கிறது. நான் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடவில்லை. ஏழு பக்கம் தனியாக இணைத்தேன். முக்கியமான இடங்களில் அடிக்கோடு போட்டேன்.

பத்தே நாள். காலையில் காலிங் பெல். போலீஸ்!

"ஏம்மா, ஆயுத லைசென்ஸுக்கு அர்ஜி போட்டது மீரேனா? விசாரணைக்கு வந்தேன்" என்றார் ஹெட் கான்ஸ்டபிள், தெலுங்கு கலந்த தமிழில். கையில் என் ஏழு பக்கம். அக்கம்பக்கத்தையும் விசாரிக்கணுமாம். அதற்குள் எதிர்வீட்டு ரமணம்மா ஆன்ட்டி, மேல் வீடு, கீழ் வீடு எல்லாரும் படிக்கட்டில் கூடிவிட்டார்கள்.

அவர் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.

"காட்டு மிருகங்களால் பயிர் சேதம். மொட்டை மாடியில் ரெண்டு தொட்டி தக்காளி, ஒரு கறிவேப்பிலை. சேதம் செய்தது குரங்கு." என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏற்கெனவே கைவசம் உள்ள ஆயுதங்கள். காய் வெட்டும் கத்தி ரெண்டு, அரிவாள்மணை ஒன்று, இடுக்கி ஒன்று. இடுக்கி பிடி ஆடும்."

படிக்கட்டில் யாரோ இருமினார்கள்.

"ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைக்கும் இடம். பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே. மாமியார் வரும்போது அரிசி டின்."

"சார், உள்ள வந்து படிக்கலாமே..."

"இருங்கம்மா. ராத்திரி மரம் அறுக்கும் சத்தம்னு எழுதியிருக்கீங்க. மீரு தமிழா?"

"ஆமா சார். சொந்த ஊரு நகரி பக்கம்."

"செம்மரம் வெட்ற ஆளுங்க யாரையாச்சும் தெரியுமா?"

"எனக்குக் கறிவேப்பிலை விக்கிறவரைத் தவிர மரம் சம்பந்தமா ஒருத்தரையும் தெரியாது சார்!"

அவர் ரமணம்மா ஆன்ட்டி பக்கம் திரும்பினார். "இந்தம்மா எப்படி? கோபக்காரியா?"

ஆன்ட்டி முகம் வெளுத்துவிட்டது. "மஞ்சி அம்மாயி சார், ரொம்ப நல்ல பொண்ணு!" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். திரும்பி வரும்போது கையில் என் குக்கர் வெயிட், இட்லித் தட்டு, தீபாவளிக்கு வாங்கிப்போன முறுக்கு அச்சு. "மறந்தே போயிட்டேன்ம்மா, மனசுல வச்சுக்காதே!" மேல் வீட்டுக்காரர், இனிமேல் ஸ்கூட்டரை எங்கள் இடத்தில் நிறுத்தமாட்டேன் என்று நான் கேட்காமலே சத்தியம் செய்தார்.

கான்ஸ்டபிள் உள்ளே வந்தார். கதவுக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர்.

"இது ஏன் இங்க கீது?"

"செக்யூரிட்டி சார். ராத்திரி கதவுக்கு முட்டுக் கொடுப்பேன்."

"உங்க வீட்டுக்காரர் காலையில எப்படி உள்ள வருவார்?"

"தோளால தள்ளுவார். நகரும்."

சொல்லி முடித்ததும்தான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

அவர் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். தாழ்ப்பாள் ஒரு விரல்கடை நகர்ந்து நிலைக்கட்டையில் போய் முட்டியது. அது நுழைய வேண்டிய ஓட்டையைப் பெயின்டர் அடைத்து அழகாக வெள்ளையடித்திருந்தார். குடிவந்து எட்டு மாசமாகிறது. வெளியே போனால் பூட்டு. உள்ளே இருந்தால் சிலிண்டர். தாழ்ப்பாளை நாங்கள் தொட்டதே இல்லை.

"சார், சிறுத்தை..." ஜன்னலைக் காட்டினேன். "நிஜமாவே சத்தம் வருது சார். குழந்தை இருக்கா. எல்லாரும் எனக்குப் பிரமைங்கிறாங்க."

"பிரமை யாரு சொன்னது? சிறுத்தைதான்ம்மா. நாய் துன்றதுக்காக வாரத்துக்கு ரெண்டு வாட்டி இந்தப் பக்கமா போய்க்கினுதான் கீது. அதுக்குக் கதவு திறக்கத் தெரியாது. மீருதான் மூடணும்."

இத்தனை நாளில் என்னை நம்பிய முதல் ஆள் அவர்தான். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஆயுத லிஸ்ட்டுல கீற கத்தி ஒண்ணு கொண்டாங்க" என்றார். கொடுத்தேன். குழவிக்கல்லையும் கேட்டார். அதை லிஸ்ட்டில் எழுத மறந்திருந்தேன். கத்தியை உளியாக வைத்து, குழவியால் நாலு தட்டு. நிலையில் ஓட்டை விழுந்தது. தாழ்ப்பாள் 'டக்'கென்று உட்கார்ந்தது. கத்தி போச்சு.

"இந்த அர்ஜியை மேல அனுப்பினா ஆபீஸே வேலை செய்யாம சிரிக்கும். வாபஸ் வாங்கிக்கிறீங்களா?"

கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயரையும் எழுதி, அடிக்கோடு போட்டு.

அன்று ராத்திரி தாழ்ப்பாளைப் போட்டேன். மின்னு பக்கத்தில் படுத்தேன். அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தபோது வெயில் சுவர் ஏறியிருந்தது. மணி எட்டேகால். ஃபோனில் முப்பத்தொரு மிஸ்டு கால். கதவைத் திறந்தால், சாப்பாட்டுக் கேரியரைத் தலைக்கு வைத்துப் படிக்கட்டில் படுத்திருக்கிறார் என் வீட்டுக்காரர்.

"ஆறரைக்கு வந்தேன்டி! தட்டினேன், கத்தினேன், தோளால தள்ளி தோளு போச்சு! ரமணம்மா ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டினா, 'துப்பாக்கி உன் பெண்டாட்டிகிட்டயா, உன்கிட்டயா'ன்னு உள்ள இருந்தே கேக்கறாங்க!"

இன்று மறுபடி ஷிப்டுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று ரொம்ப நேரம் தாழ்ப்பாளையே பார்த்தார். "ஃபோனையாவது காதுகிட்ட வச்சுக்கோ" என்றார்.

வைத்திருக்கிறேன். அதில்தான் இதை எழுதுகிறேன். மணி பதினொன்று, கொட்டாவி வருகிறது, தாழ்ப்பாள் போட்டாச்சு.

அவர் தலையணை எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்.