பார்சலைச் சுற்றி வந்த படகு

786

திருக்கோவிலூர்
22.9.1987

பாசமுள்ள அண்ணன் சுஐப் அவர்களுக்கு, தங்கை ஷாஜாதி சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். பினாங்கில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். உயிரோடு இருக்கிறோம் என்று ஏன் அழுத்தி எழுதுகிறேன் என்றால், உங்கள் மச்சான் ஷேக் மைதீன் மௌத்தாகிவிட்டார் என்று யாராவது தந்தி கொடுத்திருந்தால் அதை நம்ப வேண்டாம். மனிதர் முற்றத்தில் பலகை இழைத்துக்கொண்டிருக்கிறார். நான்தான் நன்றாக இல்லை.

எல்லாம் உங்களால் வந்தது. நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் அனுப்பிய பார்சலில் மைலோ டப்பா நசுங்காமல் இருக்க ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தைக் கிழித்துச் சுற்றியிருந்தீர்கள். மைலோவை நாங்கள் குடித்தோம், உங்கள் மச்சான் காகிதத்தைப் படித்தார். முப்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து நாற்பத்திரண்டு வரை. அதில் ஒரு வெள்ளைக்காரன் வீட்டிலேயே மரப்படகு கட்டி, ஓடுகிற ஆற்றில் அதன் போக்கில் மிதக்கவிட்டு, இறகில் கட்டிய பொய்ப் பூச்சியைத் தூண்டிலில் வீசி மீன் பிடிக்கிறான். பிடித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுகிறான். "அப்போ கொழம்புக்கு இன்னா பண்ணுவான்?" என்று கேட்டேன். "அது வேற விஷயம் ஷாஜாதி, உனக்குப் புரியாது" என்றார். இத்தனைக்கும் இவருக்கு நீச்சல் தெரியாது. குளிப்பதே சொம்பில் மொண்டு ஊற்றித்தான். நம் பெண்ணையாற்றிலோ இந்த வருஷம் மணலைத் தவிர ஒன்றும் இல்லை. அதைச் சொன்னால், "சாத்தனூர் டேம்ல தொறந்தா வரும். இல்லாங்காட்டி வெள்ளிமலைக்கு ஏத்திக்கினு போலாம், அங்க ஓடைல தண்ணி ஓடுது" என்கிறார். பதினாறடிப் படகு, அண்ணே. அந்த மலைப்பாதையில் பஸ்ஸே மூச்சு வாங்கிக்கொண்டுதான் திரும்புகிறது. சரி, தண்ணீரோடு கீழே போன படகு எப்படி மேலே திரும்பும் என்று கேட்டேன். துடுப்பு போடுகிற விவரம் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கும், உன் அண்ணன் அதை அனுப்பவில்லை என்று உங்கள் மேல் பழியைப் போட்டார்.

இவ்வளவு நாள் வாயோடு நின்ற விஷயம், போன வாரம் மறியல் ஆரம்பித்ததும் கைக்கு வந்துவிட்டது. பேப்பரில் பார்த்திருப்பீர்கள். இட ஒதுக்கீடு கேட்டு வழியெங்கும் மரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை, கடைத்தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை. அது பெரிய ஜனங்களின் பெரிய விஷயம், நான் என்ன சொல்ல முடியும்? எனக்கு வந்த கஷ்டம், துணிக்கடையைப் பூட்டிவிட்டு உங்கள் மச்சான் நாள் முழுக்க வீட்டில் இருந்ததுதான். ஆசாரி ராசுவை வரவழைத்தார். மகள் ஜெபீனா கல்யாணத்துக்குப் பந்திப்பலகை செய்ய வாங்கிப் போட்டிருந்த பலகை எல்லாம் படகாயிற்று. பொய்ப் பூச்சி கட்டுவதற்காக அடுத்த வீட்டுச் சேவலின் வாலைப் பிடுங்கினார். அந்தச் சேவல் இப்போது வெட்கப்பட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து இறங்குவதில்லை. பூச்சி மினுங்க வேண்டும் என்று ஜெபீனாவின் நிக்காஹ் சேலை முந்தானையிலிருந்து சரிகையை உருவியிருக்கிறார். துணிக்கடைக்காரர், அண்ணே! கேட்டால், "நாலு இழைதானே, யார் எண்ணப் போறாங்க" என்கிறார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. படகில் ஒரு ஆள் படுத்துத் தூங்க இடம் வேண்டும் என்று முப்பத்தெட்டாம் பக்கத்தில் போட்டிருக்கிறதாம். அளவு பார்க்க இவரே உள்ளே இறங்கி நீட்டிப் படுத்துக்கொண்டார். ஈ மொய்க்கிறது என்று கடையிலிருந்து கொண்டுவந்த வெள்ளை மல் துணியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பக்கத்தில், பலகை இடுக்கில் பூசுவதற்குக் குங்கிலியம் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. ராசு தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, டேப்போடு குனிந்து நின்றான். போன வருஷம் பள்ளிவாசலில், மையத்தைத் தூக்கிப் போகும் சந்தூக்குப் பெட்டியைப் பழுது பார்த்ததும் இதே ராசுதான், ஊருக்கே தெரியும். அந்த நேரம் பார்த்துப் பால் ஊற்றுகிற கொளஞ்சியம்மாள் உள்ளே வந்தாள்.

"ஐயோ பாயம்மா, பாய் பூட்டாரே! நேத்திகூட பால்ல தண்ணி ஜாஸ்தின்னு திட்டிக்கினு இருந்தாரே!"

அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். பெட்டி, வெள்ளைத் துணி, புகை. உங்களிடம் மறைக்க மாட்டேன் அண்ணே, அந்த ஒரு நிமிஷம் நானும் நம்பிவிட்டேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அழக்கூட வரவில்லை. அப்போது துணிக்குள்ளிருந்து, "இன்னா சத்தம்? அளவு எடுக்க சொல்லோ அப்படியே கண்ணு அசந்துட்டேன்" என்று எழுந்து உட்கார்ந்தார். கையில் இருந்த கரண்டியாலேயே ரெண்டு வைத்தேன்.

அதற்குள் கொளஞ்சியம்மாள் நாலு தெரு தாண்டிவிட்டாள். பஸ் நின்றாலும் அவள் நிற்பாளா? மௌத்தான வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று லுஹர் தொழுகைக்குள் எட்டு வீட்டிலிருந்து சாப்பாடு வந்து இறங்கியது. அழுதுகொண்டு வந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னால், சிலருக்குச் சந்தோஷம், சிலருக்குக் கோபம். ஆக்கிய சோற்றை யாரும் திரும்ப எடுத்துப் போகவில்லை. உங்கள் மச்சான் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்து, "மௌத்தானாத்தான் இப்டி தால்ச்சா குடுப்பீங்களா?" என்று கேட்கிறார்.

இதோடு முடிந்ததா? மாப்பிள்ளையின் அம்மா பௌசியா, மணலூர்பேட்டையிலிருந்து சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, மரம் கிடந்த இடத்தில் எல்லாம் இறங்கித் தாண்டி ஏறி, வழி நெடுக அழுதுகொண்டு வந்தார். வீங்கிய கண்ணோடு உள்ளே நுழைந்தால், மௌத்தானவர் படகுக்குள் உட்கார்ந்து எலும்பு கடித்துக்கொண்டிருக்கிறார். பௌசியா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "சம்பந்தி, உசுரோட இருக்கறவரு மையத்துப் பொட்டில படுத்து வெளாடற வூட்ல எம்புள்ளைக்கு நிக்காஹ் வேணாம். அத்த ஒடச்சு அடுப்புல வைங்க. ஒடச்ச பெறவுதான் மத்த பேச்சு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அடுத்த மாசம் இருபத்தைந்தாம் தேதி நிக்காஹ். பத்திரிகை அடித்தாயிற்று. ஜெபீனா மூன்று நாளாகச் சாப்பிடாமல் அறைக்குள் கிடக்கிறாள். உங்கள் மச்சானோ அதைச் சந்தூக்கு என்று சொன்னது தப்பு, படகு என்று சொல்லியிருக்க வேண்டும் என்கிறார்!

ஆகவே, இந்தக் கடிதம் கண்டதும், படகை உடைக்கச் சொல்லி அவருக்கு நீங்கள் தந்தி அடிக்க வேண்டும். உங்கள் பேச்சு ஒன்றைத்தான் அவர் தட்டமாட்டார். இனி பார்சல் அனுப்பினால் பழைய துணியில் சுற்றுங்கள். எழுத்து எதுவும் வேண்டாம். அண்ணிக்கு என் சலாம். பிள்ளைகளை அல்லாஹ் நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் வைக்கட்டும், முக்கியமாக ஆண் பிள்ளைகளை. உங்கள் மச்சான் சலாம் சொல்லவில்லை, நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

இப்படிக்கு
உங்கள் தங்கை
ஷாஜாதி

பி.கு. (28ஆம் தேதி): மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். தபால் ஓடாததால் கடிதம் அரிசிப் பானை மூடிமேலேயே கிடந்தது. நேற்று பஸ் விட்டதும் முதல் ஆளாகப் பௌசியா வந்துவிட்டார். "ஒடச்சாச்சா?" என்று அவர் கேட்டதும் உங்கள் மச்சான் ராசுவை வரச் சொன்னார். கோடரியை எடுத்து ராசு கையில் கொடுத்து, "எம்பொண்ணு சாப்புடணும்டா, ஒட" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அந்த முதுகை என்னால் பார்க்க முடியவில்லை, அண்ணே. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே ஏறிப் படகு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். "ஒடைக்கறதுன்னா என்னியும் சேத்து ஒடைங்க. சந்தூக்குல படுத்தவங்க யாராச்சும் எழுந்து வந்து தால்ச்சா கேட்டிருக்காங்களா? இதுல படுத்தவரு எழுந்து வந்தாரு. எனக்குத் திரும்பக் கெடச்சாரு. இத்த ஒடைக்க வுட மாட்டேன்" என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சனிக்கிழமை வராத அழுகை. பௌசியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பஸ்ல நின்னுக்கினே வந்தேன், காலு கடுக்குது" என்று ஏறி எதிர்ப்பலகையில் உட்கார்ந்தார். அடிப்பாகம் வளைவாக இருப்பதால் படகு இப்படியும் அப்படியும் ஆடியது. பௌசியா சிரித்துவிட்டார். நிக்காஹ் அதே தேதியில்தான். மருதாணி இடுவது படகில்தானாம், அது அவர் போட்ட புது நிபந்தனை. ஜெபீனா ராத்திரி மூன்று தட்டுச் சாப்பிட்டாள்.

ஆகவே நாற்பத்து மூன்றாம் பக்கத்திலிருந்து கடைசி வரை உடனே அனுப்பி வையுங்கள். ஆனால் அதில் எங்கேயாவது பிடித்த மீனைத் திரும்ப விடச் சொல்லி எழுதியிருந்தால், அந்த இடத்தை மட்டும் மை தடவி மறைத்துவிடுங்கள். தண்ணீர் வந்தால் நானும் ஏறப்போகிறேன், நான் ஏறுகிற படகில் சிக்கிய மீன் குழம்புக்குத்தான் வரும்.