மாலை ஆறு மணி வரை மனைவி

இயற்கையைப் பொதுமக்கள் எந்த அனுமதியும் இல்லாமல் ரசித்துத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. கண்கொண்டு பார்க்கச் சகிக்காமல் சுற்றுலாத் தலங்களைக் கவனிக்கும் அரசு அலுவலகம் விழித்துக்கொண்டது. மலையடிவார ஏரிக்குள் இனி வீட்டுச் சமையல் தவிர வேறு உணவு போகக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அதை எழுதியவர் தலைமை எழுத்தர். 'வீட்டுச் சமையல் எனப்படுவது மனைவியால் அன்புடன் சமைக்கப்பட்டு, கணவரால் சுமந்து வரப்படுவது' என்று அவர் தீட்டிய விளக்கத்தைப் படித்துவிட்டு மேலதிகாரி ஒரு வாரம் உருகிக் கிடந்தார்.

அதே ஏரி வாசலில்தான் தலைமை எழுத்தர் இப்போது மனைவியோடு நின்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். எத்தனையோ ஊர் போயாயிற்று. எங்கே போனாலும் அந்த அம்மாள் கண்டது அடுப்பும் பாத்திரமும்தான். "ஒரு தடவையாவது நான் ஆக்காத சோத்தைத் தின்னுட்டு, சும்மா உக்காந்து தண்ணியப் பாக்கணும்ங்க" என்று கேட்டிருந்தாள். அவரும் விடியுமுன் எழுந்து, இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டு, சோறும் முட்டைப் பொரியலும் செய்து கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

வாசல் அலுவலர் டிபன் கேரியரைத் தட்டிப் பார்த்தார்.

"சமைச்சது யாரு?"

"நான்தான்."

அலுவலர் படிவத்தை மேலும் கீழும் புரட்டினார். "சமைத்த மனைவியின் பெயர்னுதான் கட்டம் இருக்கு. நீங்க சமைச்சா இது வீட்டுச் சாப்பாடு ஆகாதே, சார்."

"பின்னே இது என்ன சாப்பாடு?"

"மேலிடம் இன்னும் விளக்கம் தரலை."

விதியை எழுதிய மேலிடம் டிபன் கேரியரைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அம்மா பேரை எழுதிடுங்க, வேலை முடிஞ்சுது," என்றார் அலுவலர்.

"எழுதுனா நான் இப்படியே பஸ் ஏறிடுவேன்," என்றாள் மனைவி. "ஆக்காத ஒரு நாளும் என் கணக்குலதானா?"

பின்னால் வரிசையில் ஒரு ஆள் பொறுமையிழந்தார். "யோவ், சமைச்சா சமைச்சுட்டுப் போ. அதைப் போய் நாலு பேர் முன்னாடி ஒத்துக்குவாங்களா?"

தலைமை எழுத்தர் மேலதிகாரிக்குப் போன் போட்டார். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"விதியைத் திருத்த ஆறு மாசம் ஆகும்யா. ஆளைத் திருத்த ஒரு கையெழுத்து போதும். சமைக்கிறவங்கதானே மனைவி? சமைச்சது நீர். ஆகவே இன்னிக்கு மாலை ஆறு மணி வரைக்கும் நீர்தான் மனைவி. போனை அந்த ஆள்கிட்ட குடும்."

ஆணை செயலுக்கு வந்தது. 'மனைவி (தற்காலிகம்)' என்ற அட்டை தலைமை எழுத்தரின் கழுத்தில் ஏறியது. 'கணவர்' அட்டையை அலுவலர் அந்த அம்மாளிடம் நீட்டி, "நல்லா ரசிச்சுட்டு வாங்க, சார்" என்று வழிவிட்டார்.

அவள் ஒரு மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அவர் பரிமாறினார். முதல் கவளத்தில் அவள் கண் கலங்கியது; அவர் நெஞ்சு நிறைந்தது. இரண்டாம் கவளத்தில் அவள் பார்வை தண்ணீர்ப் பக்கம் போனது. அதன் பிறகு திரும்பவே இல்லை.

"நல்லாருக்கா?"

"ம்." கொஞ்ச நேரம் கழித்து, "உப்பு ஒரு கல்லு கம்மி."

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி."

அப்புறம், "அய்யோ, அந்தப் பறவையப் பாருங்க! ப்ச், அதுக்குள்ள போயிருச்சு. அப்படி என்னதான் பண்ணுவீங்களோ கீழயே குனிஞ்சுக்கிட்டு?"

அவர் மூடியில் ஒட்டியிருந்த பொரியலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பாத்திரம் கழுவும் குழாய் கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. அங்கே பத்துப் பதினைந்து பெண்கள் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தார்கள். ஒருத்தி அவர் கழுத்து அட்டையைப் படித்தாள். சிரிக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டு, தேய்க்கும் நாரைக் கொடுத்தாள்.

"ஏரி ரொம்ப அழகுன்னு சொல்றாங்களே," என்று அவர் பேச்சுக் கொடுத்தார். "நீங்க பாத்தீங்களா?"

"வருஷா வருஷம் வர்றோமே," என்றாள் அவள். "வீட்டுக்குத் திரும்பிப் போற வழியில, எப்படி இருந்துச்சுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார்."