பிட்கேர்ன் வீட்டின் வடக்குச் சுவர்

வால்டர் ஜேம்ஸ் பிட்கேர்ன், அகவை அறுபத்தொன்பது, ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில் ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரி, தம் இல்லத்தின் ஏகசக்கராதிபதி. இப்பட்டங்களுள் இறுதியானதை மட்டும் அவர்தம் துணைவியார் எல்ஸ்பெத் இன்னும் அங்கீகரிக்கவில்லை.

பாட்டனார் கட்டிய கல்வீட்டின் வடக்குச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. கோடையில் வால்டர் கல்லிடுக்குகளை எல்லாம் சிமென்ட்டால் அடைத்தார். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியற்றுப் படுக்கையறைப் பக்கம் திரும்பியது. சுவரோரம் படுத்த எல்ஸ்பெத் குளிர்காலம் முழுதும் இருமினார்.

"வால்டர், சுவரு நனைஞ்சிருக்கு."

"அது நீ விடுற மூச்சும்மா. என் சிமென்ட்டைக் குத்தம் சொல்லாத."

"அப்ப நீங்க இந்தப் பக்கம் படுங்க. நான் அந்தப் பக்கம் போய் மூச்சு விடறேன்."

இடம் மாறிற்று.

"உங்க தலையணை ஏன் ஈரமா இருக்கு?"

"வேர்வை."

"பிப்ரவரியிலயா?"

"எனக்குச் சூட்டு உடம்பு."

ஆனால் எல்ஸ்பெத்தின் இருமல் நின்றுவிட்டது. அந்த அமைதியைக் கேட்டபடி படுத்திருந்த வால்டருக்கு உறக்கம் வரவில்லை. சிமென்ட்டை அகற்றியே தீர்வது, ஆனால் தோல்வியை மட்டும் ஒப்புக்கொள்வதில்லை என்று சபதம் பூண்டார்.

உறைபனிக் காலம் கழிந்தபின் ஒரு ஞாயிறு, தலைவலி என்று சொல்லி மனைவியைத் தனியே தேவாலயத்துக்கு அனுப்பிவிட்டு உளியெடுத்தார். பாதிச் சுவர் பெயர்ந்திருக்கையில் பின்னால் குரல் கேட்டது.

"என்ன பண்றீங்க?"

"ஒரு குருவி உள்ள மாட்டிக்கிச்சு."

"சுவர் பூராவுமா?"

"இடம் மாறிக்கிட்டே இருக்கு."

எல்ஸ்பெத் தேவாலய மேலங்கியைக் கழற்றினார். உள்ளே பழைய வேலை உடுப்பு. கொட்டகையிலிருந்து ஒரு தொட்டியை இழுத்து வந்து மூடியைத் திறந்தார். வெண்ணெயாய்க் குழைந்த சுண்ணாம்பு.

"இது பதமாக மாசக்கணக்கா ஊறணுமே. எப்ப ஊற வச்ச?"

"நீங்க சிமென்ட் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கின அன்னிக்குச் சாயங்காலம். கரண்டியைப் பிடிங்க. குருவி வெளிய வரட்டும்."

இருவரும் சேர்ந்து சுவரைப் பூசி, சட்டென்று காய்ந்துவிடாமல் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டார்கள். இவ்வாறாக வடக்குச் சுவர் விவகாரம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மே மாதம் பதினேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமையன்று, ஏகசக்கராதிபதி சாந்து குழைக்க, இனிதே தீர்ந்தது.