அக்காவின் அறைக்கு ஏசி மாட்டிய விவரம்

சுருலேரே, லாகோஸ்
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து

மதிப்பிற்குரிய அபோசெடே அக்காவுக்கு, தம்பி கோலாபோ தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தொப்பை அனுமதித்த வரைக்கும் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நான், மொரெனிகே, மகள் சேயி எல்லோரும் நலம். அங்கே லீட்ஸில் உங்கள் நலமும் அத்தான் நலமும் உங்கள் வலது முழங்காலின் நலமும் அறிய ஆவல். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் "அங்க என்னடா அப்படி ஒரு இரைச்சல்" என்று கேட்டுக் கேட்டே வைத்துவிடுகிறீர்கள். இங்கே ஒரு இரைச்சலும் இல்லை அக்கா, உங்கள் ஊர் லைன்தான் சரியில்லை. பக்கத்து ஃப்ளாட் பெண் நாளைக்கு அங்கே படிக்கப் புறப்படுகிறாள், அவள் பெட்டியில் கருவாட்டுக்கும் மரவள்ளி மாவுக்கும் நடுவில் இந்தக் கடிதத்தைச் செருகி அனுப்புகிறேன். வாசனை அடித்தால் மன்னிக்கவும்.

பிறர் வாயால் உங்கள் காதுக்கு வருவதற்குள் ஒரு மானக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு வங்கியிலிருந்து என்னைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். எனக்கு அங்கே கணக்குக் கிடையாது. ஏசி இருந்தது. தினமும் மத்தியானம் போய், பணம் போடும் சீட்டை ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, நிரப்பாமல் உட்கார்ந்திருப்பேன். காவலாளி ஒரு வாரம் பார்த்தான், அப்புறம் பக்கத்தில் வந்து, "டாடி, உங்களுக்கு இங்க கணக்கு இருக்கா?" என்றான். "இல்லப்பா, திறக்கலாமான்னு யோசிச்சிட்டிருக்கேன்" என்றேன். "குறட்டை விட்டுக்கிட்டா யோசிப்பாங்க?" என்று கேட்டான். வரிசையில் நின்ற பாஸ்டரின் மனைவி கைப்பையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததை நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

இதற்கெல்லாம் காரணம் நீங்கள்தான் அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஈஸ்டருக்கு வந்தீர்கள், இரண்டு ராத்திரி தங்கினீர்கள், மூன்றாம் நாள் காலையில் பெட்டியோடு முற்றத்தில் நின்றுகொண்டு, "கோலாபோ, உன் வீட்ல மனுஷி தூங்க முடியாது" என்று சொல்லிவிட்டு, டாக்சிக்கார சிகிருவைக் கூப்பிட்டு ஹோட்டலுக்குப் போய்விட்டீர்கள். ஆறு ஃப்ளாட்டும் ஜன்னலில் நின்று பார்த்தது. நாத்தனாரோடு என்ன சண்டை என்று தேவாலயப் பெண்கள் மொரெனிகேயைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். அம்மா போன பிறகு லாகோஸில் உங்களுக்கென்று இருக்கிற வீடு என்னுடையதுதானே, அதை விட்டு நீங்கள் ஹோட்டலில் சாப்பிட்டால் என் தொண்டையில் சோறு இறங்குமா? இறங்கியது, அது வேறு விஷயம், ஆனால் ருசிக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், கிறிஸ்துமஸுக்கு அக்கா வந்தால் அந்த அறையில் ஏசி இருக்கும் என்று.

மொரெனிகே மட்டும், "சேயி அப்பா, ஏன் தூங்க முடியலன்னு அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்" என்றாள். "லாகோஸ்ல ஒருத்தருக்குத் தூக்கம் வரலன்னா எதனாலன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். புழுக்கம். இதைப் போய் வெள்ளைக்கார ஊருக்கு போன் போட்டுக் கேட்பாங்களா?" என்று அவள் வாயை அடைத்தேன்.

ஏசி வாங்கியது சுலபமாக முடிந்தது. கப்பலில் வந்த பழசு, முகம் கொஞ்சம் மஞ்சள், மற்றபடி நல்ல குடும்பத்தில் புழங்கிய மாதிரி தெரிந்தது. செலவு இவ்வளவுதானா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். மாட்ட வந்த ஃபத்தாய், என்னைப் பெரிய முதலாளியாக்கி, "ஓகா, இது மெஷின் விலை. மெஷினை ஏசி ஆக்குற விலை இனிமேத்தான் வரும்" என்று சொல்லி, செம்புக் குழாய், தாங்கி, காஸ், தன் மத்தியானச் சாப்பாடு என்று அடுக்கினான். முதல் ஓட்டையைப் போட்டதும் சுவருக்குள் இருந்த தண்ணீர்க் குழாய் உடைந்து, ஏசி இல்லாமலே அறை குளிர்ந்துவிட்டது. இரண்டாவது ஓட்டை சரியாக விழுந்தது, ஆனால் அதற்குள் வீட்டுக்காரர் அல்ஹாஜி படியேறி வந்துவிட்டார். "சுவர் என்னுது. அதுல ரெண்டு ஓட்டை மட்டும் உன்னுதா?" என்றார். ஒன்று தெரியாமல் விழுந்தது என்றேன். "அப்ப அதுக்குக் கொஞ்சம் கூடப் போடணும்" என்று வாடகையை ஏற்றிவிட்டு, ஏறிய களைப்புக்கு ஒரு குளிர்பானமும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

சரி, கரண்ட் வந்தது, ஸ்விட்சைத் தட்டினேன். ஏசி ஒரு முறை செருமியது, அவ்வளவுதான், ஆறு ஃப்ளாட்டிலும் விளக்கு மங்கி, மின்விசிறி எல்லாம் இழவு வீட்டுக்குப் போகிற மாதிரி சுற்ற, கீழ் ஃப்ளாட் அம்மா பாதி தேய்த்த சட்டையோடு வந்து, "யாருப்பா அது, முழுத் தெருவோட கரண்டையும் ஒரே வாய்ல முழுங்குறது?" என்று கேட்டாள். ஆகவே ஒரு ஸ்டெபிலைசர். உங்கள் பெட்டி அளவுக்கு இருக்கிறது, விலையில் உங்கள் விமான டிக்கெட்டுக்குத் தங்கை. அதைப் பொருத்தி முடித்த நிமிஷம் கரண்ட் போய்விட்டது, போனது இரண்டு நாள் வரவில்லை. நம்முடைய குட்டி ஜெனரேட்டரை இழுத்தேன். அதற்கு ஊரில் வைத்திருக்கிற பெயர் "பக்கத்து வீட்டானைவிட நான் மேல்" என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஏசியைப் போட்டதும் அது மூன்று தடவை துள்ளி, கறுப்பாக ஒரு ஏப்பம் விட்டு, பக்கத்து வீட்டானைவிடக் கீழே போய்விட்டது. ஃபத்தாய் தொப்பியைக் கழற்றினான். "ஓகா, சின்னப் பையன் தலைல பெரிய மூட்டையை வச்சிட்டீங்க."

ஆகவே பெரிய ஜெனரேட்டர். அதற்காகக் காரை விற்றேன். இப்போது மஞ்சள் வேனில் நான்கு பேர் உட்காரும் பலகையில் ஐந்தாவது ஆளாகத்தான் வேலைக்குப் போகிறேன். அந்தப் புழுக்கம் தாளாமல்தான் மத்தியானம் அந்த வங்கிக்குள் ஒதுங்கியது. விற்ற காரில் ஏசி நன்றாக வேலை செய்தது என்று மொரெனிகே காலை மாலை இரண்டு வேளையும் நினைவுபடுத்துகிறாள். ஜெனரேட்டர் கன்றுக்குட்டி அளவுக்கு இருக்கிறது. முன்பக்கம் வைக்கக் கூடாது என்றார் அல்ஹாஜி, சமையலறைப் பக்கம் வைத்தால் கொளுத்திவிடுவேன் என்றாள் கீழ் ஃப்ளாட் அம்மா. கடைசியில் உங்கள் அறை ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு தோதான இடம் கிடைத்தது. வயரும் மிச்சம் என்று ஃபத்தாயே என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அக்கா, அறை இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா, நேற்று உள்ளே போன அல்ஹாஜி பல் கிட்டித்து வெளியே வந்தார். புதிதாக எது வாங்கினாலும் ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டுக் "கழுவ" வேண்டுமே, இன்றைக்கு மத்தியானம் ஏசியைக் கழுவுகிறோம். ஜொல்லோஃப் சோறு அடுப்பில் இருக்கிறது, கோழிகளைப் பற்றிப் பேச வேண்டாம், கார் விற்ற பணத்தில் ஒரு மூலை அவற்றுக்கும் போனது. போனது போகட்டும். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் பெட்டியை அந்த அறையில் இறக்கி, காலை நீட்டி, "கோலாபோ, நல்லாத் தூங்கினேன்டா" என்று ஆறு ஃப்ளாட்டுக்கும் கேட்கிற மாதிரி ஒரு தடவை சொன்னால் எனக்குப் போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். கடவுள் உங்கள் முழங்காலை உறுதிப்படுத்தி, எங்கள் படிகளில் ஏற்றிவைப்பாராக. தரையில் விழுந்தபடியே உங்கள் ஆசிக்கு முதுகைக் காட்டிக் காத்திருக்கும்,

தம்பி கோலாபோ

பி.கு.: உறையை ஒட்டும் முன் விருந்துக்கு டாக்சிக்கார சிகிரு வந்தான். ஏசிக்கு நேர் கீழே உட்காரவைத்து, "என்னப்பா, அக்கா போய் இறங்குன ஹோட்டல் ஏசி இவ்வளவு குளுருமா?" என்று கேட்டேன். "அது எனக்கு எப்படித் தெரியும் ஓகா? அவங்க அதைப் போடவே இல்லையே. உள்ள போனதும் கேட்ட முதல் கேள்வியே ஜெனரேட்டர் எந்தப் பக்கம் இருக்குன்னுதான். அதுக்கு நேர் எதிர்ப்பக்கமா ரூம் எடுத்து, ஜன்னலைத் திறந்துவச்சுத் தூங்குனாங்களாம், ஏர்போர்ட்டுக்கு ஏத்திக்கிட்டுப் போகும்போது சொன்னாங்க" என்றான். மொரெனிகே கோழிச் சட்டியோடு என்னிடம் வந்தாள். என் காதருகே குனிந்து, இன்னும் கொஞ்சம் கோழி வைக்கட்டுமா என்று தொண்டை கிழியக் கத்தினாள். "கேக்குறதை மெதுவாக் கேளேன், ஏன் கத்துற?" என்றேன். "ஜெனரேட்டர் ஓடுதுல்ல" என்றாள். அது ஓடுவது அதுவரை எனக்குத் தெரியாது அக்கா.