அடிக்குறிப்பு டாக்டரான நாள்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் கல்யாணம் முடித்த ஆண்களில், தாலியைக் கையில் வைத்துக்கொண்டு புரோகிதரைப் பார்த்து, "இப்பம் சொன்ன மந்திரம் எந்தப் புஸ்தகத்தில உண்டு?" என்று கேட்ட ஒரே மாப்பிள்ளை எங்கள் அடிக்குறிப்புதான். புரோகிதர் பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். பெண்ணின் அப்பா மேளக்காரரைப் பார்த்தார். மேளக்காரர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு கெட்டிமேளத்தை வெளுத்துவாங்கினார். அந்தச் சத்தத்தில் மணப்பெண் சொன்னது, மாப்பிள்ளைக்கும், தோழனாகப் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்டது.

"பக்க நம்பர நான் பொறவு சொல்லுதேன். இப்பம் தாலியக் கெட்டுங்க."

கட்டினார். அந்தப் புண்ணியவதி பள்ளிக்கூட டீச்சர். முரண்டு பிடிக்கும் பிள்ளைகளைக் கையாண்டு பழக்கம் உள்ளவர்.

அடிக்குறிப்புக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஒரு டயர் கடையின் மாடியில் நடந்த டுடோரியல் காலேஜில் நாங்கள் இரண்டு பேரும் வாத்தியார்கள். அவர் வரலாறு, நான் ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று காலேஜ் முதலாளி உறுதியாக நம்பினார். முதலாளிக்கு ஆங்கிலம் தெரியாததால் கடைசிவரை அந்த நம்பிக்கைக்குச் சேதம் வரவில்லை.

யார் எதைச் சொன்னாலும் அடிக்குறிப்பு முதலில் கேட்பது, "ஆரு சொன்னது?" அடுத்தது, "எங்க?" மூன்றாவது, "அவருக்கு ஆரு சொன்னது?" மூன்றாவது கேள்வியோடு ஜங்ஷனில் பல நட்புகள் முறிந்தன. ஒருநாள் சாயாக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை நீட்டியபடி, "நாளைக்கு ஹர்த்தாலாக்கும் சாரே" என்றார்.

"ஆரு சொன்னது?"

"பேப்பர்ல போட்டிருக்கு."

"ஒரு பேப்பர்லயா, ரெண்டு பேப்பர்லயா?"

"கடைக்கு ஒண்ணுதான் சாரே வருது."

ஒற்றைச் சான்றை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. மறுநாள் வெறிச்சோடிய சாலையில் குடையோடு தன்னந்தனியாகப் பஸ்ஸுக்கு நின்றார். மத்தியானம் ஒரு போலீஸ் ஜீப் நின்று, வீட்டுக்குப் போகும்படி சொன்னது. இரண்டாவது சான்று கிடைத்த திருப்தியோடு கிளம்பினார்.

பாடம் நடத்துவது எப்படியோ, கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. தகவலை எங்கே தேடுவது, எடுத்ததை யாரிடமிருந்து எடுத்தோம் என்று எப்படிச் சொல்வது, நாலு பேர் முன்னால் நின்று எப்படிப் பேசுவது என்று சனிக்கிழமைதோறும் தனி வகுப்பே வைத்தார். ஒரு பையன் கட்டுரையின் கீழே 'நன்றி: இன்டர்நெட்' என்று எழுதிக்கொண்டு வந்தான்.

"ஆருலே இந்த இன்டர்நெட்டு?"

"நெட்டு சார். போன்ல வரும்லா."

"அவருக்க அப்பன் பேரென்ன? ஊரெது? எந்த வருஷம் எழுதினாரு? மொட்டையா ஒரு பேரு போட்டா நான் போயி ஆரக் கேக்க?"

அடுத்த வாரம் அவன் கட்டுரையைவிட அடிக்குறிப்புகள் நீளமாக இருந்தன. வாத்தியாருக்கு அந்தப் பெயர் நிலைத்தது அப்போதுதான்.

இன்னொரு நாள் ஒரு மாணவி வயிற்றுவலி என்று விடுப்புக் கேட்டாள். இவர் வழக்கம்போல ஆதாரம் கேட்டார். அந்தப் பெண் அசரவில்லை. "வயிறாக்கும் சார் முதல்நிலைச் சான்று. டாக்டரு ரெண்டாம்நிலை. நீங்கதானே முதல்நிலைச் சான்ற நம்பணும்னு சொன்னிய?" என்றாள். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. விடுப்போடு, ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. அதுதான் நடந்தது. எல்லைப்புறச் சந்தைகளின் வரலாறு என்பது தலைப்பு. கூடப் பதிவு செய்தவர்கள் பட்டம் வாங்கி, தொப்பை வைத்து, துறைத்தலைவர்களாகவும் ஆனார்கள். இவர் டுடோரியலை விட்டுப் போய் ஒரு தனியார் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராக வருஷாவருஷம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே, முதல் அத்தியாயத்தின் முதல் பத்திக்கு இன்னும் ஒரு ஆதாரம் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டு தாக்கீதுகள் ஒரே மாதத்தில் வந்தன. பட்டம் இல்லாதவர்களுக்கு வரும் ஜூனிலிருந்து வேலை இல்லை என்றது கல்லூரி. இதற்குமேல் காலநீட்டிப்பு இல்லை என்றது பல்கலைக்கழகம். அவர் மனைவி, அந்த டீச்சர், ஒரு சூட்கேஸைத் திறந்து, உள்ளே அவர் எழுதிக் குவித்திருந்த காகிதம் முழுவதையும் அள்ளிக்கொண்டு போய் டைப்புக்குக் கொடுத்துவிட்டார். ஆய்வேடு அப்படித்தான் முடிந்தது.

தேர்வாளர்கள் அறிக்கை அனுப்பினார்கள். வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்தது. அன்று மாலை அடிக்குறிப்பு முகம் வெளுத்துப்போய் என் வீட்டு வாசலில் நின்றார்.

"மக்கா, தேர்வாளரா வாறது என். எம். பிள்ளையாக்கும்."

"எந்தப் பிள்ளை?"

"எனக்க மூணாம் அத்தியாயத்துப் பிள்ளை."

மூன்றாம் அத்தியாயத்தை நான் விளக்கியாக வேண்டும். சந்தை முந்தியா, சாலை முந்தியா என்பது அதில் கேள்வி. சந்தை கூடிய பிறகுதான் சாலை வந்தது என்று தமிழில் ஒரு புத்தகம் எழுதியவர் மா. நீலகண்டன். அது சுத்த அபத்தம், சாலை வந்த பிறகுதான் சந்தை கூடியது என்று மலையாளத்தில் அவரைக் கிழித்தவர் வடக்கேவிளை நீலன். இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன என்று ஆங்கிலத்தில் பெரிதாக ஒரு புத்தகம் போட்டவர் என். எம். பிள்ளை. இந்த மூன்று பேரையும் மோதவிட்டு அடிக்குறிப்பு ஒரு பட்டிமன்றமே நடத்தியிருந்தார். அதில் பிள்ளையைப் பற்றிக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: 'இவர் தமக்கு முந்தைய இரு ஆய்வாளர்களையும் படித்ததாகத் தெரியவில்லை.'

"எலே, ஒரு மனுஷனப் பற்றி இப்பிடியா எழுதுவாவ?"

"ஆதாரத்தோட ஆக்கும் எழுதினது. அவருக்க புஸ்தகத்தில மத்த ரெண்டுபேருக்க பேரும் ஒரு எடத்திலயும் இல்ல. நான் முழுக்கத் தேடியாச்சு."

பிள்ளையின் அறிக்கையில், 'மூன்றாம் அத்தியாயம் குறித்து நேரில் பேச வேண்டும்' என்று இருந்ததாம். அந்த ஒரு வரியை அவர் ஜாதகம்போல மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

போனது போகட்டும், பேசுவதையாவது ஒழுங்காகப் பேச வைப்போம் என்று டயர் கடை மாடியில் ஒத்திகை வைத்தேன். கொடுத்த நேரம் இருபது நிமிஷம். இருபது நிமிஷம் முடிந்தபோது அவர் தலைப்பில் உள்ள 'எல்லை' என்ற சொல்லை யார் யார் எப்படி விளக்கியிருக்கிறார்கள் என்பதில் நின்றுகொண்டிருந்தார். ஆகவே ஓர் ஏற்பாடு செய்தோம். கம்ப்யூட்டரில் நான் உட்கார்வேன். நான் இருமினால் அவர் பேசிக்கொண்டிருப்பதை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு அடுத்த ஸ்லைடுக்கு வந்துவிட வேண்டும். இரண்டாவது ஒத்திகையில் சரியாக முடித்தார். எனக்குத்தான் தொண்டை கட்டிக்கொண்டது.

தேர்வு நாளன்று பல்கலைக்கழக அரங்கில் நெறியாளர், மாணவர்கள், முன்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி டீச்சர். என். எம். பிள்ளை வந்தார். வெள்ளை ஜிப்பா, வழுக்கை, கழுத்தில் மப்ளர். உட்கார்ந்தார். இருமினார்.

பிள்ளைக்கு நல்ல ஜலதோஷம்.

அடிக்குறிப்பு வணக்கம் சொல்லிப் பேச வாயெடுத்தார். பிள்ளை இருமினார். இவர் பாதி வாக்கியத்தில் தலைப்பை விட்டுவிட்டு முதல் அத்தியாயத்துக்குத் தாவினார். மறுபடி இருமல். இரண்டாம் அத்தியாயம். பிள்ளைக்கு ஒரு தொடர் இருமல் வந்தபோது எங்கள் ஊர்ச் சந்தைகள் மூன்று வரிகளில் இருநூறு வருஷம் வளர்ந்துவிட்டன. அவர் ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து நான் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். பாதி நேரம் மிச்சம் இருக்கும்போது முடிவுரைக்கு வந்து நின்றார். இவ்வளவு சுருக்கமான உரையைத் தன் அனுபவத்தில் கேட்டதில்லை என்று நெறியாளர் புகழ்ந்தார்.

பிள்ளை மப்ளரைத் தளர்த்தினார். "ஒரு சின்ன சம்சயம். இந்த மா. நீலகண்டன் ஆரு?"

"தமிழ் ஆய்வாளர் சார்."

"உயிரோட உண்டா?"

"அந்தப் புஸ்தகத்துக்குப் பொறவு தகவல் ஒண்ணும் இல்ல சார். காலமாகியிருக்கணும்."

"வடக்கேவிளை நீலன்?"

"மலையாளத்தில எழுதினவரு. ரெண்டு பேருக்கும் ஆகாது சார். எழுத்திலயே சொந்தப் பகை தெரியுது."

பிள்ளை தலையாட்டினார். "எனக்க பேரு நீலகண்டன், வீட்டில நீலன். அப்பா பேரு மாதேவன். வீட்டுப்பேரு வடக்கேவிளை. பிள்ளைங்கது ஆப்பீசில சேத்துக்கிட்டது. மூணும் நானாக்கும்."

வேறு சீமையில் இந்தத் தப்பு நடக்க வழியில்லை. எங்கள் பக்கத்தில் தமிழுக்கு அப்பாவின் எழுத்து, மலையாளத்துக்கு வீட்டுப்பேரு, ஆங்கிலத்துக்கு வால் என்று ஆளுக்கு மூன்று பெயர். கரண்ட் பில்லில் இருக்கும் நானும் வாக்காளர் பட்டியலில் இருக்கும் நானும் இதுவரை நேரில் சந்தித்ததே இல்லை.

நெறியாளர் கூரையை ஆராய்ந்தார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டுவிடு, காலில் விழு, ஜூன் மாதத்தை நினை என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். அடிக்குறிப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"அதுக்கு ஆதாரம் உண்டா சார்?"

நான் இருமினேன். பலமாக இருமினேன். முதல்முறையாக அவர் கண்டுகொள்ளவில்லை.

பிள்ளை ஜிப்பா பையிலிருந்து டிரைவிங் லைசன்ஸை எடுத்து நீட்டினார். இவர் வாங்கிப் பார்த்தார். "இது என். எம். பிள்ளைக்கு மட்டும் உள்ள ஆதாரமாக்கும் சார். மத்த ரெண்டு பேருக்கும்?"

பிள்ளை போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். செங்கல் என்ற ஊரில் இருக்கும் அவருடைய அக்கா எடுத்தார்.

"அக்கா, நான் ஆரு?"

"என்னலே நீலா? பிரஷர் மாத்திர போட்டியா?"

"போட்டாச்சு. அப்பா பேரு சொல்லு."

"மாதேவன்."

"வீட்டுப்பேரு?"

"வடக்கேவிளை. எலே, நீ இப்பம் எங்க நிக்கே? பக்கத்தில ஆராவது உண்டா?"

"யூனிவர்சிட்டியில. கொறே ஆளு உண்டு, ஹாலு நெறைய."

"அங்கயே இரி. எங்கயும் போவாத. நான் மகன அனுப்புதேன்."

பிள்ளை போனை அணைத்தார். "போதுமா?"

அடிக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். "வாய்மொழித் தகவல். தேதி நான் போட்டுக்கிடுதேன். அக்காக்க முழுப்பேரு சார்?"

முதலில் சிரித்தது பிள்ளைதான். சிரிப்பு இருமலானது. இருமலைக் கேட்டதும் என் விரல் தன்பாட்டுக்குப் பட்டனை அமுக்க, திரையில் 'நன்றி' என்று பெரிதாக வந்து நின்றது. அதன்பிறகு அரங்கில் யாராலும் முகத்தை நேராக வைத்திருக்க முடியவில்லை.

"ஒரு கேள்வி சார்," என்றார் அடிக்குறிப்பு. அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "உங்க புஸ்தகத்தில முந்தின ரெண்டு பேரையும் ஏன் சொல்லல்ல?"

"சொந்தப் பேர நானே எடுத்துச் சொல்ல நாணமா இருந்தது. அதுவும், அவனுவ ரெண்டு பேரு எழுதினதும் இப்பம் எனக்குப் பிடிக்காது." பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் எழுதின மூணையும் ஒருமிச்சு வச்சு வாசிச்ச ஆள இப்பம்தான் பாக்கேன். மூணு பேருன்னு நெனச்சாலும், ஒருத்தனையும் நீ அரைகுறையா வாசிக்கல்ல. செரி. மூணையும் ஒண்ணாக்கித் திருத்திக் குடு. பட்டத்துக்கு நான் எழுதிக் குடுக்கேன்."

டீச்சர் கண்ணைத் திறந்தார். மடியில் இருந்த பையின் ஜிப்பை இழுத்து, காலையிலிருந்து தொடாமல் வைத்திருந்த ஏத்தவாழைக்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து, தேர்வுக்குழு பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாப்பிட ஆரம்பித்தார். எனக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். அவ்வளவு ருசியான சிப்ஸை நான் சாப்பிட்டதில்லை.

சாயங்காலப் பாசஞ்சரில் மூன்று பேரும் திரும்பினோம். டாக்டர் பட்டம் பெறப்போகிறவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். இத்தனை வருஷத்தில் அவர் பேச்சில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. நான் இறங்க வேண்டிய நெய்யாற்றின்கரை வந்தது. அவர்கள் இறங்குவது பாறசாலையில்.

"உங்க ஸ்டேஷன் வந்தாச்சு," என்றார் எதிரில் இருந்த டீச்சர். "அவர எழுப்பட்டா?"

"வேண்டாம். எனக்குப் பாறசாலையில ஒரு வேலை உண்டு."

வண்டி கிளம்பியது. தோள் மரத்துப்போயிருந்தது. பாறசாலையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.