கீழே இறங்காத பின்கதவு

அரிசோனா வெயிலில் சுகமாய்க் காய்ந்துகொண்டிருக்கும் என் அருமை மச்சான் லாயிடுக்கு,

விஸ்கான்சின் குளிரில் விறைத்துக்கொண்டிருக்கும் டெல்மர் எழுதுவது. நானும் என் இரண்டு முழங்கால்களும் சௌக்கியம். உன் முழங்கால்களின் நலத்தையும் தெரிவிக்கவும்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்து வண்டி நிறுத்தத்தில் அடுப்பு மூட்டித் தின்றதெல்லாம் போதும். நான் விட்டுவிட்டேன். நீயும் இந்த ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏற வேண்டாம். நம் பழைய ஸ்டேஷன் வேகனை எடைக்குப் போடச் சொல்லிவிட்டேன், நாளைக் காலை லாரி வருகிறது.

எல்லாம் என் மகள் கிரெட்டா வாங்கிக் கொடுத்த புது வண்டியால் வந்த வினை. "அப்பா, அந்தத் துருப்பிடிச்ச தகரத்த எடுத்துட்டுப் போய் நடுரோட்டுல நிக்காதீங்க. இதுல எல்லாமே பட்டன்தான்" என்றாள். சரியென்று போன ஞாயிறு ஆட்டத்துக்கு அதைக் கல்யாண வண்டி மாதிரி ஜோடித்தேன். அடுப்பு, கரி, ஐஸ் பெட்டி, மடக்கு மேஜை, வெங்காயம் போட்டு பீரில் வேகவைத்த சாசேஜ், உன் அக்கா இர்மா செய்கிற மாதிரியே செய்ததாக நானாக நினைத்துக்கொண்ட உருளைக்கிழங்கு சாலட், எல்லாம் ஏற்றி, வழக்கமான விளக்குக் கம்பத்தடியில் கொண்டுபோய் நிறுத்தி, பழைய வண்டிக்குச் செய்வது போலவே கொடிக்கம்பத்தைப் பின்பக்கம் கூரையோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் பட்டனை அமுக்கினேன். இந்த வண்டியின் பின்கதவு பழையது மாதிரி கீழே இறங்காமல் மேலே எழும்பும் என்பது எனக்குத் தெரியாமலா, பழக்கதோஷத்தில் மறந்துவிட்டது லாயிட்! கதவு கிளம்பிக் கம்பத்தை ஒரு நெம்பு நெம்ப, நம் அணியின் கொடி பக்கத்து வண்டிக்கார வெர்னின் அடுப்பில் போய்ப் படுத்துக்கொண்டது.

"யோவ் டெல்மர்! சாசேஜத்தான்யா சுடணும், கொடிய இல்ல!" என்று கத்தினான்.

அதோடு விட்டதா? சாவி பையில் இருக்கும்போது வண்டிக்கடியில் கால் ஆடினால் கதவு தானே மூடிக்கொள்ளுமாம். பட்டன் பட்டன் என்றவள் இதைச் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் நம் அணியின் பாட்டு வந்தது. நான் சும்மா இருப்பேனா? காலைத் தூக்கி ஒரு ஆட்டம் போட்டேன். கதவு இறங்கி என் தொப்பியைத் தட்டி சாலட்டுக்குள் தள்ளியது.

"ஆடாதய்யா, உன் ஆட்டம் வண்டிக்கே பிடிக்கல" என்றான் வெர்ன்.

சிரித்தேன். ஆனால் தட்டோடு சாப்பிட உட்காரப் போனபோதுதான் உறைத்தது. மேலே போகிற கதவில் எப்படி உட்காருவது? பழைய வண்டியின் கதவை இறக்கினால் அதுவே பெஞ்சு. இந்த ஓரம் நான், அந்த ஓரம் நீ, நடுவில் இர்மா. மூன்று பேர் மடிமீதும் ஒரே கம்பளி, அதன்மேல் பனி. நீ கடுகு சாஸைச் சிந்துவாய். "லாயிட், வாய் எங்க இருக்குன்னு இன்னுமா தெரியல உனக்கு?" என்று அவள் திட்டுவாள். அவள் கண்ணை மூடிய பிறகும் நாம் நடுவில் இடம் விட்டுத்தானே உட்கார்ந்தோம். நீ ஊரைவிட்டுப் போனபின், பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தும் நான் என் ஓரத்தில்தான் உட்கார்ந்தேன். போன ஞாயிறு நின்றுகொண்டே தின்றேன். வீடு திரும்பும் வழியில் அழுகை வந்துவிட்டது. இனி எனக்கு வேண்டாமப்பா.

வெயில் உன்னை அளவோடு வறுக்க ஆண்டவர் அருளட்டும்.

இப்படிக்கு,
டெல்மர்

பி.கு: இதை உறையில் போடுவதற்குள் லாரி வந்துவிட்டது. கடைசியாக ஒருமுறை என்று பழைய வண்டியின் பின்கதவை இறக்கி உட்கார்ந்தேன். "பெரியவரே, எந்திரிங்க, நேரமாச்சு" என்றான் லாரிக்காரன். "என்னையும் சேத்து ஏத்திக்கப்பா" என்றேன். அவன் வெறும் லாரியோடு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து சேர். உன் ஓரம் காலியாக இருக்கிறது. கடுகு சாஸ் வாங்கிவிட்டேன். நீ தாராளமாகச் சிந்து, இனி நான் திட்டுகிறேன்.